கருப்பு லான்சரும் இரும்புத் தூசியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களின் கார்களைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளைக் கார் என்றால் பானட்டிலும் கூரையிலும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும். கருப்புக் கார் என்றால் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். கழுவித் துடைத்த பிறகு மெல்லிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டுக்கொண்டு மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த அதே இடம் கவர் வழியாகச் சொரசொரவென்று உரசும்.

அது இரும்பு. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், பில்லட்டைச் சிவக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்களும், நாள் முழுக்க கிரைண்டர் பொறி பறக்கும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளும் இருக்கிற இடத்தில் காற்று மட்டும் சுத்தமாக இருக்குமா? சூட்டோடு வந்து விழுகிற துகள் பெயின்டின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் பனி, மழை, பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. துகள் துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஷாம்பு போட்டுக் கழுவினால் அசையாது. நான் வேலை பார்ப்பது ஒரு ரோலிங் மில்லின் பராமரிப்புப் பிரிவில். கார் நிற்பது அந்த மில்லின் முற்றத்தில், திறந்த வெளியில். வீட்டுக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. எளாவூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கூடூர் போகிற ரயில் பாதை, மறுபக்கம் ஜி.என்.டி. ரோடு. ரயிலின் சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் தூளும் இரும்புதான். ரோட்டில் தடா தாண்டி ஆந்திரா போகிற, வருகிற லாரிகள் கிளப்பும் புழுதிக்குக் கணக்கே இல்லை.

இந்த நிலவரத்தில் கருப்புக் கார் வைத்திருப்பது வீம்பு. அந்த வீம்பு எனக்கு இருந்தது. 2006ஆம் வருடத்து லான்சர், பெட்ரோல் வண்டி, டி.என். 20 நம்பர். இந்துஸ்தான் மோட்டார்ஸும் மிட்சுபிஷியும் சேர்ந்து 1998இல் திருவள்ளூரில் லான்சர் செய்ய ஆரம்பித்தபோது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். அம்பாசடர் கம்பெனி, ஜப்பான் கார், அதுவும் நம்ம மாவட்டத்திலேயே என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். சென்ட்ரல் வாசலில் முதல்முறையாக லான்சரைப் பார்த்துவிட்டு வந்து, "தரையோட ஒட்டிக்கினு போவுதுடா" என்று ராத்திரி சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். லான்சர் போய், பஜேரோவும் போய், இப்போது அதே திருவள்ளூர் ஆலையிலிருந்து சித்ரோன் வருகிறது. அம்பாசடர் என்கிற பெயரையே 2017இல் சித்ரோனின் அப்போதைய சொந்தக்காரர்களான பிரெஞ்சுக்காரர்களுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். அப்பா அந்தச் செய்தியைப் பார்க்காமல் போனதும் நல்லதுதான்.

2021இல் என் வண்டிக்குப் பதினைந்து வயது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். "தள்ளிவிட்டுட்டு ஒரு சின்ன வண்டி வாங்குங்களேன்" என்றாள் மனைவி. இன்ஜின் நன்றாக இருந்தது. அடிப்பாகத்திலும் துரு அவ்வளவாக இல்லை. பார்க்கத்தான் கேவலமாக இருந்தது.

எவ்வளவு கேவலம் என்பது பகலில் தெரியாது. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும்போது, எளாவூர் செக்போஸ்ட்டின் உயரமான விளக்குகளுக்குக் கீழே லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்பேன். பானட்டில் விளக்கின் பிம்பம் விழும். பிம்பத்தைச் சுற்றி ஆயிரம் கோடுகள், வட்டம் வட்டமாக, சிலந்தி வலை. வண்டி பத்தடி நகர்ந்தால் வலையும் கூடவே நகர்ந்து வந்து பிம்பத்தைச் சுற்றிக்கொள்ளும். உண்மையில் யாரும் வட்டமாகக் கீறுவதில்லை. நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி வளைந்தாற்போல் இருக்கிற கீறல்கள் மட்டும் அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, மற்றவை இருட்டில் மறைந்துவிடுகின்றன. அதனால்தான் எங்கே விளக்கு இருக்கிறதோ அங்கே வட்டம்.

கீறல் எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், முதலாளி வண்டி ஓட்டுபவர் எல்லாரும் காலையில் செய்யும் முதல் வேலை, உலர்ந்த துணியால் தூசி தட்டுவது. மில்லில் எண்ணெய் துடைக்கத் தரும் பனியன் வேஸ்ட் எங்களுக்குக் கூடுதல் வசதி. இரும்பு கலந்த தூசியை உலர்ந்த பனியனால் தேய்ப்பதும் அரம் போடுவதும் ஒன்றுதான். வாட்டர் வாஷ் கடையில் கீழே விழுந்த துணியை உதறிவிட்டு அதாலேயே துடைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் ஒரு கடையில் விசாரித்தேன். கழுவுவது, மெஷின் பாலிஷ், செராமிக் கோட்டிங் எல்லாம் சேர்த்து அவர்கள் சொன்ன தொகை, வண்டியை விற்றால் வருகிற பணத்தில் கால்வாசிக்கு மேல். அதில் பாதிக்கும் குறைவான காசில் ஒரு மெஷினும் சாமான்களும் வாங்கிவிடலாம், மெஷின் நம்மிடமே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பராமரிப்புப் பிரிவில் இருப்பவனுக்கு இந்தக் கணக்குத் தன்னாலேயே வந்துவிடும். வீட்டில் இருக்கிற டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், பிரஷர் வாஷர் எல்லாம் அப்படி வந்தவைதான்.

பார்சல் வந்த அன்று சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கும்மிடிப்பூண்டியில் பேரப்பிள்ளையோடு இருக்கிறார்.

"மெஷின் எதுடா? ரோட்டரியா?"

"இல்ல சித்தப்பா. டி.ஏ."

"சுத்துறதோட ஆடவும் செய்யுமே, அதுவா? பொழைச்ச. நான் வர்ற வரைக்கும் கை வைக்காத."

ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழலும். நம் ஊர் டிங்கரிங் கடைகளில் கம்பளி பேட் மாட்டி, பவுடர் பறக்க, சத்தம் போட்டு ஓடுவது அதுதான். வேகமாக வெட்டும்; ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பெயின்டைச் சுட்டுவிடும். தெரியாதவர் கையில் கொடுத்தால் வெயிலில் பார்க்கும்போது மேகம் மேகமாகத் தடம் விட்டுப்போகும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் தன் அச்சிலும் சுழல்கிறது, அந்த அச்சே சிறிய வட்டத்தில் ஆடவும் செய்கிறது. என்னுடையதில் அந்த ஆட்டம் 15 மில்லிமீட்டர். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாததால் சூடு குறைவு, தடமும் விழாது. ஒரு கட்டுப்பாடு உண்டு. அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். வெறுமனே அதிர்ந்துகொண்டு இருக்கும், வேலை நடக்காது. சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பேட் ஒட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைக்கிறார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் பேட் சுழலவில்லை. கோடு கலங்கித் தெரிந்தால் சுழல்கிறது. நான் போட்டது வெள்ளைக் கோடு. வேலை முழுக்க என் கண் காரைவிட அந்தக் கோட்டைத்தான் அதிகம் பார்த்தது.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். அஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட்டுக்குள் வண்டி. புரட்டாசி மாதம், மழை இன்னும் பிடிக்கவில்லை, புழுக்கம். கையைக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "ரத்தினமா இருக்குதே" என்றார். அவருடைய கேலி அப்படித்தான் இருக்கும்.

பெயின்ட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது எத்தனை அடுக்கு என்று அவர்தான் விளக்கினார். தகடு முதலில் பாஸ்பேட் குளிக்கும். அப்புறம் மொத்த பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சு ஏற்றுவார்கள். அதை அங்கே ஈ.டி. என்று சொல்வார்களாம். அதன்மேல் சர்ஃபேசர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இடையிடையே பாடி சூளைச் சூட்டில் வேகும். "இவ்வளவும் சேத்து எவ்ளோ கனம் இருக்கும் சொல்லு?" தெரிந்துதான் கேட்டார். எல்லாம் சேர்ந்து 100 முதல் 140 மைக்ரான். தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70. அதில் கிளியர் மட்டும் சுமார் 40 மைக்ரான். கீறல், பளபளப்பு, பாலிஷ் எல்லாமே அரைமுடிக் கனத்துக்குள்தான். நன்றாக ஒருமுறை பாலிஷ் போட்டால் அதில் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். போனது போனதுதான், பூச்சை யாரும் திருப்பிப் போட முடியாது.

"ஃபேக்டரியிலயே பாலிஷ் போட்டுத்தான் அனுப்புவோம்" என்றார். ஈரப் பூச்சில் ஒரு தூசி விழுந்துவிட்டால், வரிசையாக டியூப் லைட் போட்ட பரிசோதனைக் கூடத்தில் அது தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் மெல்லிய வாட்டர் பேப்பரால் இழைத்து, பஃப் அடித்து, தடயம் இல்லாமல் செய்வார்கள். சித்தப்பா பல வருஷம் பார்த்தது அந்த வேலைதான். ஒரு ரூபாய் நாணயத்துக்கு மேல் தேய்த்தால் மேற்பார்வையாளர் திட்டுவாராம்.

மெஷினை எடுப்பதற்கு முந்தைய வேலைதான் முக்கால்வாசி. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் குறை. வீடியோக்களில் எல்லாம் மெஷின் சுற்றுவதைத்தான் காட்டுகிறார்கள். இரும்பு ஒட்டியிருக்கும் பரப்பில் நேராக பேடை வைத்தால் இரும்பைப் பிடுங்கி, அதையே வைத்துக் கீறும். ஆகவே முதலில் இரண்டு வாளித் தண்ணீர்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்று கையுறையை அலசுவதற்கு. மேலிருந்து கீழே, கதவின் அடிப்பாகம் கடைசி. எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் சுண்ணாம்பு வட்டம் விழும். அதனால் கடைசி அலசலுக்கு வீட்டில் வடிகட்டிய தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தேன். "குடிக்கிற தண்ணிய காருக்கு ஊத்துறான்" என்று அம்மா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அடுத்தது இரும்பு நீக்கி. பாட்டிலில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், நாற்றம் மட்டும் குடலைப் பிடுங்கும். அதன் முக்கியச் சரக்கு தையோகிளைக்கோலேட் வகை உப்பு. முடி சுருட்டவும் முடி நீக்கவும் பயன்படும் கிரீம்களில் இருக்கும் அதே குடும்பம். இரும்பைத் தொட்டால் அதைக் கரையக்கூடிய பொருளாக்கி ஊதாச் சிவப்பாக நிறம் மாறும். கூரையிலும் பானட்டிலும் தெளித்துவிட்டுத் தள்ளி நின்றோம். கருப்பு வண்டியின் மேல் ஒன்றும் தெரியவில்லை. மூன்று நான்கு நிமிடம் கழித்து பம்பர் ஓரத்தில் ஒரு துளி திரண்டு சிமென்ட் தரையில் விழுந்தது. சிவப்பு. அதன் பிறகு சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடியில், டிக்கி ஓரத்தில் எல்லாம் கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெத்தம்மா எட்டிப் பார்த்து, "ஐயோ, என்னப்பா, காருக்கு நெத்துரு வருது!" என்று கத்தினார். நெத்துரு என்றால் ரத்தம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்குதான்; அவசரத்தில் அது வந்துவிடும்.

சித்தப்பா சிரிக்கவில்லை. குனிந்து அந்தச் சிவப்பை ரொம்ப நேரம் பார்த்தார். "உன் மில்லு சரக்கு மொத்தமும் இதுலதான் இருந்துருக்குது." காய விடக்கூடாது என்பதால் உடனே தண்ணீர் அடித்தேன். இரண்டாவது முறை தெளித்தபோதும் சிவப்பு வந்தது, கொஞ்சம் வெளிறலாக. உட்கார்ந்து யோசித்தால் சங்கடமாக இருந்தது. தகரத்தில் ஒட்டியதுதான் இப்படிச் சிவப்பாக இறங்கியது. அதே முற்றத்தில் எட்டு மணி நேரம் நிற்கிற எங்கள் மூச்சுக்குழாயில் தெளித்துப் பார்க்க முடியாது. அன்று முதல் மில்லுக்குள் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. கொரோனாவுக்காக என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மீதி இருந்ததை களிமண் எடுத்தது. களிமண் என்றுதான் பெயர். உண்மையில் அது நுண்ணிய தேய்ப்பான் கலந்த ரப்பர் போன்ற பிசின். சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அதைப் பரப்பின் மேல் வழுக்கவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. வழுக்கும்போது முதலில் கர்ரென்று ஒரு சன்னமான சத்தம் வரும், விரல்நுனியில் பிடிக்கும். நாலைந்து தடவை போய்வந்ததும் சத்தம் நின்றுவிடும், கை தன்னால் ஓடும். திருப்பிப் பார்த்தால் நீலக் களிமண்ணில் பழுப்பு நிறத்தில் அழுக்கு படிந்திருக்கும். மடித்துப் பிசைந்து புது முகம் எடுத்து அடுத்த இடம். கீழே விழுந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். மண்ணைக் கவ்விய களிமண் வண்டிக்கு ஆகாது. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மெஷினில் கிடைக்காத ஒரு திருப்தி அந்தச் சத்தம் நிற்பதில் இருந்தது.

அப்புறம் மாஸ்கிங் டேப். ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக் பட்டைகள், ஹெட்லைட் ஓரம், லோகோ. இவற்றில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாக நிற்கும், பல்துலக்கும் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பானட்டின் மடிப்புக் கோடுகளிலும் சித்தப்பா டேப் ஒட்டச் சொன்னார். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெலிது. அழுத்தம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழும். சமதளத்தில் மெஷின் எடுக்கும் ஒரு மைக்ரான், விளிம்பில் நாலு மைக்ரான் ஆகிவிடும்.

பானட்டின் வலது மூலையில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு டேப் கட்டினோம். பரிசோதனைச் சதுரம். கையில் மூன்று பேட், இரண்டு பாட்டில். நான் பாலிஷைவிட வேகமாக வெட்டும் காம்பவுண்டை எடுத்தேன். கீறல் அவ்வளவு இருக்கிறதே.

"வெச்சுடு. மொதல்ல மெதுவானதப் போடு. பத்தலன்னா ஏறு. ஏறிட்டா எறங்க முடியாது."

மெதுவான பேட், மெதுவான பாலிஷ். பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஓட விடாமலேயே பேடைத் தொட்டுத் தொட்டுப் பரப்பி, அப்புறம் குறைந்த வேகத்தில் ஒரு சுற்று, பிறகு வேகம் ஐந்து. ஒரு நொடிக்கு ஓர் அங்குலம்தான் கை நகர வேண்டும். எழுதும்போது சாதாரணமாகத் தெரிகிறது. கையில் மெஷின் துள்ளும்போது அந்த வேகத்துக்கு அடங்குவது எனக்குச் சிரமமாக இருந்தது. இடமிருந்து வலம், பாதி மேல்படிய அடுத்த வரிசை. அப்புறம் மேலிருந்து கீழ். துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீர் தெளித்து மறுபடி துடைத்து, போன் டார்ச்சை அடித்தேன். ஆல்கஹால் எதற்கு என்றால், பாலிஷில் எண்ணெய் இருக்கும். அது கீறலுக்குள் நிரம்பி, கீறல் போனது போல ஏமாற்றும். பல கடைகளின் பளபளப்பு இரண்டு வாட்டர் வாஷோடு காணாமல் போவதன் ரகசியம் இந்த எண்ணெய்தான். எண்ணெய் போனதும் சிலந்தி வலை அப்படியே இருந்தது, கொஞ்சம் இளைத்து. நடுத்தர பேடுக்கு ஏறினோம். பாதி போனது. காம்பவுண்டுக்கு ஏறினோம்.

காம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு மாவு. கீறல் ஒரு பள்ளம் என்றால், அந்தப் பள்ளத்தை நிரப்புவது அதன் வேலை இல்லை. சுற்றியிருக்கிற மேட்டை இறக்கிக்கொண்டே வந்து பள்ளத்தின் அடிமட்டத்தைத் தொடுவது. கீறல் ஆழமாக இருந்தால் அவ்வளவு மேட்டையும் இழக்க வேண்டும். துடைத்து டார்ச் அடித்தபோது சதுரத்துக்குள் டார்ச்சின் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் கருப்பு. டேப்புக்கு வெளியே பழைய வலை. டேப்பைக் கிழித்தபோது கோடு கிழித்தாற்போல் இரண்டு வண்டி தெரிந்தது. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆழமா ரெண்டு கீறல் இருக்குது, அத விட்டுடு" என்றார். நகத்தில் தட்டுப்படுகிற கீறலைத் துரத்தக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஓட்டுநர் பக்கக் கதவில் யாரோ சாவியால் போட்ட நீளக் கோடு இருந்தது. அதையும் விட்டுவிட்டோம். அதன் ஓரங்கள் மட்டும் மழுங்கின.

அதற்கப்புறம் வேலை ஒரே சீராக ஓடியது. இடையில் கரண்ட் போனது, வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் பிடித்தான். நான் அடிக்கடி பேடைத் திருப்பிப் பார்த்தேன், கருப்பாகியிருக்குமோ என்று. அப்பா தீபாவளிக்கு முன்னால் அம்பாசடரை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும்போது வெள்ளைத் துணி வண்டியின் நிறத்துக்கு மாறிவிடும். அந்தக் காலத்துப் பூச்சில் கிளியர் கிடையாது, நிறமே வெளிமுகம். தேய்க்கத் தேய்க்க நிறம்தான் போகும். என் பேடில் வெள்ளைச் சேறு மட்டும்தான். தேய்வது கிளியர், அதற்கு நிறம் இல்லை.

இடது பின்கதவுக்கு வந்தபோது பேட் கன்னங்கரேல் என்று வந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு சித்தப்பாவைக் கூப்பிட்டேன். டீ டம்ளரோடு வந்தவர் பேடைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார். "வூட்ல காந்தம் இருக்குதா?"

ஃப்ரிட்ஜில் திருப்பதி பெருமாள் படம் போட்ட காந்தம் இருந்தது. அதன் முதுகில் மெல்லிய துணியைச் சுற்றி முன்கதவில் வைத்தார், ஒட்டிக்கொண்டு நின்றது. பின்கதவின் மேல்பாகத்தில் வைத்தார், நின்றது. கீழ்ப்பாகத்தில் வைத்துக் கையை எடுத்ததும் பெருமாள் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டார். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாலும் அதே கதை. "பட்டி. நல்லா அப்பி வெச்சுருக்கான்." அப்புறம் கதவைத் திறந்து, உள்மடிப்பில், கண்ணுக்குப் படாத இடத்தில், தின்னர் நனைத்த துணியால் லேசாக ஒற்றி எடுத்தார். துணியில் கருப்பு. கம்பெனியில் சுட்ட பூச்சோ, நல்ல கடையில் ஹார்டனர் கலந்து அடித்த பூச்சோ தின்னருக்குக் கரையாது. இது என்.சி. பெயின்ட், சின்னக் கடைகளில் மலிவாக அடித்துத் தள்ளும் சரக்கு. மேலே கிளியரும் இல்லை.

"அடிபட்ட கதவுடா. பின்னால வந்தவன் இடிச்சுருக்கான், இல்ல இவன் போயி தூணுல வுட்ருக்கான்."

அம்மா உள்ளேயிருந்து, "பெருமாளக் கீழ போட்டு விளையாடாதீங்க" என்றார்.

வண்டியை வாங்கும்போது "ஒரு கீறல்கூட இல்ல சார்" என்று விற்றவர் சொன்னது காதில் ஒலித்தது. அவர் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு முன்னால் ஓர் உரிமையாளர் இருந்தார். அவருக்கும் தெரியாமல் அவருடைய டிரைவர் ஒரு சாயங்காலத்தில் கதவைச் சரிபண்ணிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். நான் இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கதவைத் திறந்து மூடியும் எனக்குத் தெரியவில்லை. பாலிஷ் பேடுக்குத் தெரிந்துவிட்டது. அன்று முதல் பழைய கார் வாங்கப் போகும் நண்பர்களோடு நான் போனால் சட்டைப்பையில் காந்தமும் துணியும் இருக்கும். விற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

என்.சி. பூச்சு சூட்டுக்கு இளகும். அந்தக் கதவுக்கு மெஷினே வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். மைக்ரோஃபைபர் துணியை விரலில் சுற்றி, மெதுவான பாலிஷை எடுத்து, கையால்தான் போட்டேன். மற்ற கதவுகளின் கருப்பில் மரம், மதில், என் முகம் எல்லாம் தெரிந்தன. இதில் தெரியவில்லை, ஒரு மந்தமான கருப்பு. வெயில் நேராக விழும்போது இப்போதும் அந்த வித்தியாசம் தெரிகிறது, தெரிந்தவர்களுக்கு.

கடைசியில் காப்புப் பூச்சு. செராமிக் கோட்டிங் ஆட்கள் சொல்கிற கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதைப் போட்டால் கீறலே விழாது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். விழும். தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு சுலபமாகப் போகும், கெமிக்கலுக்குக் கொஞ்சம் தாங்கும். அந்த மட்டில் நல்ல பொருள்தான். நான் கார்னோபா மெழுகு வாங்கியிருந்தேன். பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் சுரக்கும் மெழுகு அது. வெயிலில் ஓலை தன் ஈரத்தை இழக்காமல் இருக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். "நம்ம பனையில கள்ளுதான் வருது" என்றார் சித்தப்பா. மெழுகு சில மாதங்களுக்குத்தான் தாங்கும், எங்கள் காற்றில் இன்னும் குறைவு. மறுபடி போட்டுக்கொள்ளலாம், போடுவதில் எதுவும் தேய்வதில்லை.

இவ்வளவும் முடிந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. 2021இல் அது அக்டோபர் 14, வியாழக்கிழமை. காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு நேராக பானட்டை நோக்கி வந்தார். மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் பூச்சில் காய்ந்தால் கறை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பானட்டின் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டிவைத்து, "அதுமேல வைம்மா" என்றேன்.

அம்மா டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிளாஸ்திரி மேலயாடா சாமிக்குப் பொட்டு வைப்பாங்க?"

"அண்ணி, இன்னிக்கு ஆயுதத்துக்குத்தானே பூஜை. இதுக்கு வைங்க" என்று சித்தப்பா பாலிஷ் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கைப்பிடியில் ஒரு பொட்டு, தட்டில் ஒரு பொட்டு, வயரில்கூட ஒன்று வைத்துக் குங்குமமும் இட்டார் அம்மா. மெஷினைத் திண்ணையில், என் ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில், பொரிகடலைத் தட்டுக்கு முன்னால் வைத்தோம். அப்புறம் நான் சூடம் ஏற்றத் திரும்பிய நேரத்தில் அம்மா டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, பானட்டில் மூன்று விரலால் அழுத்தமாக இழுத்துவிட்டார்.

"போவலன்னா உன் மெஷின்தான் இருக்குதே, தேய்ச்சுக்கோ" என்றார்.